என் குரலில் வந்தவன்

கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு தெருவுக்குள் நுழைந்து பத்து வீடுகூடத் தாண்டியிருக்க மாட்டேன். ஒரு பெண் வேகமாக வந்து என் மொபெட்டின் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டி நின்றுவிட்டது. முன்னால் கட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டிக்குத் தனி பேட்டரி என்பதால் அது மட்டும் நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. "கேஸ் அடுப்பு ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர், குக்கருக்குக் கைப்பிடி மாத்துறது, வாஷர் மாத்துறது, வாசலுக்கே வந்து செஞ்சி தரோம்மா."

"அத்த மொதல்ல நிறுத்து" என்றாள். நிறுத்தினேன்.

"என் பித்தளை பர்னரு எங்க?"

"எந்த பர்னருக்கா?"

"எந்த பர்னரா? போன வாரம் வந்து ரெண்டையும் கழட்டிகினு, பூச்சு பூசினத மாட்டிட்டுப் போனியே, அந்த பர்னரு."

"நான் இந்தத் தெருவுக்கு வந்து ரெண்டு மாசம் ஆவுதுக்கா."

"நீ வரல. உன் குரல் மட்டும் வந்துச்சா?"

உண்மையில் அப்படித்தான் நடந்திருந்தது. ஆனால் அப்போது அது எனக்கே தெரியாது.

விஷயம் இதுதான். அவள் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவள். போன வாரம் ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது அவளுடைய மாமனார் மட்டும் வீட்டில் இருந்திருக்கிறார். தெருவில் என் பெட்டியின் குரல் கேட்டிருக்கிறது. அடுப்பு சரியாக எரியவில்லை என்று மருமகள் சொன்னது நினைவுக்கு வந்து அவரே கூப்பிட்டிருக்கிறார். வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, மூக்கை மறைத்துத் துணி கட்டியிருந்தான் என்று எதிர்வீட்டில் பார்த்தவர்கள் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான். மூன்று நாளில் பர்னரின் மேல்பூச்சு தீய்ந்து கருத்துப்போனது. அவள் காந்தத்தை வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. அவள் கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா, கரும்பு வெட்டப் போன காசில், நல்ல பித்தளையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்த அடுப்பு அது. அதே தெருவில் இன்னும் மூன்று வீட்டில் இதே கதை. காந்தம் வீடு வீடாகப் போயிருக்கிறது.

மாமனாரைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார்கள். கண் ஆபரேஷன் சரியாக அமையாதவர். என் முகத்துக்கு நேராகப் பார்க்காமல் காதைத்தான் திருப்பினார்.

"என்னப் பார்த்திருக்கியா பெரிப்பா?" என்றேன்.

"பார்க்கல. கேட்டேன்."

"கேட்டது பொட்டிய. பொட்டி யாருகிட்ட வேணா இருக்கும்."

தெரு முனையில் நின்றிருந்த ஒருவர் அருகே வந்தார். ஊரில் மனை புரோக்கர் அவர். கரிக்கலாம்பாக்கத்தில் நெல் வயல்கள் பிளாட்டாக மாறத் தொடங்கியதிலிருந்து எந்தத் தகராறையும் அவர்தான் முன்னே நின்று பேசி முடிக்கிறாராம். வெள்ளை பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள் நட்ட காலி மனைதான் அவருடைய பஞ்சாயத்து இடம். என்னை அங்கே நடத்திப்போனார்கள். வண்டியைத் தள்ளிவந்து ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்தார்கள்.

"பொட்டி வாணாம்பா. வாயால சொல்லு பார்க்கலாம்" என்றார் புரோக்கர்.

நான் யோசித்திருக்க வேண்டும். ஒன்பதாவதைப் பாதியில் விட்டவனுக்குச் சில நேரம் மண்டை தாமதமாகத்தான் ஓடும். குற்றம் இல்லாதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்று நினைத்து, நின்ற இடத்திலேயே முழுசாகச் சொன்னேன். "கேஸ் அடுப்பு ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர்" என்று தொடங்கி "செஞ்சி தரோம்மா" வரைக்கும். முடிக்கும்போதே தெரிந்துவிட்டது, என் கழுத்தில் நானே கயிறு போட்டுக்கொண்டேன் என்று. மாமனார் தலையை ஆட்டினார்.

"இதேதான்" என்றார். "அந்த 'தரோம்மா'வுல ஒரு இழுப்பு கீதே, அது மாறல."

"வேற எவனோ என் குரல எடுத்துகினு போயிருக்கான்" என்றேன்.

புரோக்கர் சிரித்தார். "உன் குரல் உன்னுதுன்றதுக்குப் பத்திரம் கீதா? பட்டா கீதா?"

கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணைத் தவிர. கடைசியில் அவர்தான் ஒரு வழி சொன்னார். "ரெண்டு பித்தளை பர்னரு வாங்கியாந்து மாட்டிட்டு வண்டிய எடுத்துகினு போ. விஷயம் இத்தோட முடிஞ்சிடும்."

முடியாது என்றேன். பர்னரைக் கொடுத்தால் திருடினேன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கரிக்கலாம்பாக்கத்தில் ஒத்துக்கொண்டால் பாகூரில் தெரியும், பாகூரில் தெரிந்தால் வில்லியனூரில் தெரியும். பிறகு நான் எந்த ஊருக்குள் போனாலும் பெட்டி எனக்கு முன்னால் போய், திருடன் வருகிறான் என்று சொல்லிவிடும். வண்டியையும் பெட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு, ஸ்பேனர் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

ஊர் சுற்றுகிறவனைச் சனங்கள் சந்தேகப்படுவது புதிதல்ல. திருப்பூரில் பனியன் தைக்கப் போனபோதும், இறால் குட்டைக்குக் காவல் இருந்தபோதும், எது காணாமல் போனாலும் என் பையைத்தான் முதலில் கொட்டிப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான். தூங்கும்போது பையின் வாரைக் காலில் சுற்றிக்கொள்கிறவன். யாராவது சும்மா டீ வாங்கித் தந்தால், எதற்காக என்று ஒருநாள் முழுக்க யோசிப்பேன். ஆனால் பையில் இல்லாத ஒரு பொருளைத் திருடுவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வழியில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். அங்கே மேசையில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். இன்னா காணோம் என்றார். குரல் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"குரல் காணோம்னு வாயாலயே வந்து சொல்ற."

"அதுல ஒரு காப்பி சார்."

"காப்பி எடுத்ததுக்கு அப்புறம் உன்கிட்ட இருந்தது கொறஞ்சி போச்சா?"

குறையவில்லை. பையில் பத்தாம் நம்பர் ஸ்பேனரை யாராவது எடுத்தால், கையை விட்டதும் அந்த இடம் காலியாக இருப்பது தெரியும். இதில் காலியான இடமே இல்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. வண்டிதான் இல்லை.

அந்தக் குரலைப் பதிவு செய்தது தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு செல்போன் கடையில். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஃபேனை நிறுத்தி, கதவில் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, கடைக்காரன் என்னை மைக்கின் முன்னால் உட்காரவைத்தான். கடலூர் ரோட்டில் பஸ் ஹாரன் அடிக்காத இடைவெளி பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். பதினோரு தடவை சொன்னேன். பனியன் வியர்வையில் ஊறிப்போனது. "கடைசியில பாசம் பத்தல. 'தரோம்மா'ன்னு சொல்லும்போது உங்கம்மாவ நெனச்சிகோ" என்றான். அம்மாவை நினைத்துத்தான் சொன்னேன். மாமனார் சொன்ன இழுப்பு அங்கே வந்ததுதான்.

பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போய் நின்றேன்.

"என் குரல யாருக்குக் குடுத்த?"

அவன் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான். மீன், உப்பு, கோலமாவு, பாய், குடை ரிப்பேர், பழைய இரும்பு என்று வரிசையாக இருந்தன. எங்களைப் போல இருபது முப்பது பேருடைய தொண்டை அதற்குள் கிடந்தது.

"வர்றவங்க கேக்குறாங்க. ஐம்பது ரூபா வாங்கிகினு ஏத்திக் குடுக்குறேன். உன்னுது கொஞ்சம் நல்லா ஓடுது."

"நான் காசு குடுத்துப் பதிஞ்சது."

"பதிஞ்சதுக்குக் குடுத்த. மைக்கு என்னுது, ரூமு என்னுது, சிஸ்டம் என்னுது. உன்னுது இன்னா?"

"வாயி."

"வாய நீயேதான எடுத்துகினு போன?"

"செருப்பு தைக்கக் குடுத்தா, தைக்கிறவரு அதுமாதிரி நாலு ஜோடி செஞ்சி வித்துப்பாரா?"

"செஞ்சாலும் உன் கால்ல இருக்கிற செருப்பு தேயாதுல்ல" என்றான். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "சரி, நீ மொத மொத இந்தக் கடைக்கு வந்தப்போ உன் பொட்டியில ஒரு பொம்பள குரல் ஓடிகினு இருந்துச்சே. அது இன்னா உங்க அக்காவா?"

அக்கா இல்லை. தொழில் தொடங்கிய முதல் இரண்டு வருடமும் விழுப்புரத்தில் ஒருவன் ஏற்றித்தந்த பெண் குரலைத்தான் போட்டுக்கொண்டு சுற்றினேன். இனிமையான குரல். அது யாருடையது, அவள் எங்கே இருக்கிறாள், அவளுக்குத் தெரியுமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பெட்டி வாங்கினால் கூடவே குரலும் வரும் என்று இருந்துவிட்டேன். வேறொரு குரல் வேண்டும் என்று நினைத்ததுகூட, அதே பெண் குரலை இன்னொருவனும் போட்டுக்கொண்டு வந்து என் தெருக்களைக் கெடுத்ததால்தான். அவளுக்காக அல்ல.

என் குரலை அழி என்றேன். என் கண் முன்னாலேயே அழித்தான். குப்பைத் தொட்டி மாதிரி ஒரு படம் இருந்தது, அதையும் திறந்து காலி செய்தான். "போதுமா?" என்றான். போதவில்லை. அவனுடைய செல்போனில் இருக்கலாம். சட்டைப் பையில் இருக்கும் பென்டிரைவில் இருக்கலாம். ஒருவன் ஒரு பொருளை வைத்திருக்கிறான் என்று நிரூபித்துவிடலாம். இனிமேல் வைத்திருக்கவில்லை என்று எப்படி நம்புவது? யார் யாருக்குக் கொடுத்தாய் என்றதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்றான். அதையும் நான் நம்பவில்லை.

வில்லியனூரில் ஒரு அரிசி மில்லின் பின்னால் எனக்கு ஒரு அறை இருந்தது. அங்கிருந்து தினமும் நடந்தே வேலைக்குப் போனேன். பெட்டி இல்லாமல் நடந்துபோனால் யாரும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. ஒருநாள் ஒரே ஒரு குக்கர் கைப்பிடி, இன்னொரு நாள் அதுவும் இல்லை. வயிறு அதற்கு ஏற்றபடி சுருங்கிக்கொண்டது. அதெல்லாம் எனக்குப் பழக்கம். காதுதான் சும்மா இருக்கவில்லை. தூரத்தில் எந்த ஸ்பீக்கர் கேட்டாலும் அந்தப் பக்கம் ஓடினேன். பல தடவை மீன் வண்டி, ஒரு தடவை கட்சிக் கூட்டம்.

ஆறாம் நாள் செல்லிப்பட்டில் கேட்டேன். ஆற்றை ஒட்டிய தெரு. நான் இந்தக் கோடியில், குரல் அந்தக் கோடியில். என் குரல் தூரத்திலிருந்து வரக் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. என்னைவிட நன்றாக இருந்தது. அதற்குப் பசி இல்லை, தொண்டை கட்டவில்லை, ஒரே மாதிரி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனது. நான் ஓடினேன்.

வண்டியில் இருந்தவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். செங்கல் சூளையில் வேலை போய் இந்தத் தொழிலுக்கு வந்தவனாம். அவன் என்னவென்று கேட்பதற்கு முன்னால் குனிந்து அவன் சாவியை உருவினேன். எனக்கு ஒருத்தி செய்ததைத்தான் செய்தேன்.

"யாருண்ணே நீ?"

"இதோ கத்துதே, அது."

அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நம்பவில்லை. நான் வாயால் சொல்லிக் காட்டினேன். அவன் முகம் மாறியது. பயமா மரியாதையா தெரியவில்லை.

"உன்னுதா இது? கம்பெனி குரல்னு இல்ல நெனச்சேன். பொட்டி விக்கிறவனே போட்டுக் குடுக்கிறதுன்னு. நான் காசு குடுத்து வாங்கினதுண்ணே, சும்மா எடுக்கல."

"கரிக்கலாம்பாக்கம் போனியா?"

"அந்தப் பக்கம் ரோடே தெரியாது."

அவன் பையைக் கொட்டச் சொன்னேன். கொட்டினான். வாஷர்கள், கைப்பிடிகள், நாலைந்து பர்னர்கள், துருப்பிடித்த குறடு. பித்தளை இல்லை. ஆனால் இத்தனை நாளில் பித்தளை எந்தக் காயலான் கடைக்கும் போயிருக்கும். இருக்கிற பர்னர்கள் எல்லாம் பூச்சு பூசியதுதான். என் பையிலும் அதுதான் இருந்தது. பித்தளை வாங்கி வைக்க எங்கள் இருவரிடமும் முதல் கிடையாது. அவன் திருடனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என்னைப் பற்றி அந்தத் தெரு நினைத்ததும் இவ்வளவுதான்.

நடந்ததைச் சொன்னேன். "அங்க வந்து உன் பொட்டிய ஒரு தடவ போட்டுக் காட்டு. அது போதும்" என்றேன்.

"அங்க என்னப் புடிச்சி வச்சிகினா?"

"வச்சிக்க மாட்டாங்க" என்றேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவன் வண்டியை நான் ஓட்டினேன், அவனைப் பின்னால் உட்காரவைத்தேன். ஓட்டவிட்டால் வேறு ரோட்டில் திருப்பிவிடுவான் என்று எனக்குச் சந்தேகம். பின்னால் இருப்பவன் குதித்து ஓடுவான் என்று இன்னொரு சந்தேகம். வில்லியனூரைத் தாண்டினோம். பிறகு, "சாப்டியாண்ணே?" என்றான். எதற்குக் கேட்கிறான் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

கரிக்கலாம்பாக்கத்தில் அதே காலி மனை. என் வண்டி அதே கல்லில் சாய்ந்திருந்தது. சீட்டின் மேல் யாரோ வடகம் காயப்போட்டிருந்தார்கள். அன்று அந்தப் பெண்ணுக்கு லீவு. மாமனாரையும் புரோக்கரையும் கூப்பிட்டார்கள். என் பெட்டியையும் அவன் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டையும் போட்டேன். ஒன்று "கேஸ் அடுப்பு" என்னும்போது மற்றது "மிக்ஸி" என்றது. ஒன்று முடிக்கும் முன்னால் மற்றது தொடங்கியது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் சண்டை போடுவது மாதிரி இருந்தது. ஒரு நாய் எழுந்து நின்று எந்தப் பெட்டியைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே குரைத்தது.

"எது பெரிப்பா, அன்னிக்கு வந்தது?" என்றேன்.

மாமனார் நீண்ட நேரம் காதைச் சாய்த்து நின்றார். "ரெண்டும்தான்" என்றார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே செட்டு" என்றார் புரோக்கர். "ஒருத்தன் கழட்டுவான், ஒருத்தன் விப்பான்."

என்னோடு வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீ சொன்னியே" என்றான் என்னிடம். நான் அவனைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்தான் கேட்டாள். "இன்னும் எத்தினி பேருகிட்ட கீது?"

"தெரியாதுக்கா. பதிஞ்சி குடுத்த கடைக்காரனுக்கே தெரியாதாம். அழிச்சிட்டேன்றான். அத நான் நம்பல."

அவள் பெட்டிகளுக்கு அருகே வந்து குனிந்து, இரண்டையும் அவளே நிறுத்தினாள். சட்டென்று தெரு அமைதியானது.

"அப்ப இவனுங்களப் புடிச்சி வச்சி இன்னா பிரயோஜனம்?" என்றாள் புரோக்கரிடம். "நாளைக்கு மூணாவது ஆளு வருவான். அவனும் இதே மாதிரி அம்மான்னுதான் கூப்புடுவான்."

"பொட்டி ரெண்டையாவது வாங்கி வைமா."

"பொட்டியிலயா கீது குரலு? இத வச்சிகினு நான் இன்னா பண்றது, சாமி ஊர்வலத்துக்கு வாடகைக்கு வுடறதா?"

முதல் தடவையாக அவள் சொன்னதற்குத் தெரு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். உடனே கொடுக்கவில்லை.

"நீதான் எடுத்தன்னும் நான் சொல்லல. எடுக்கலன்னும் சொல்லல" என்றாள். "ஆனா இனிமே இந்தத் தெருவுல பொட்டிய போட்டுகினு எவன் வந்தாலும் சாவிய எடுத்துருவோம். மீனு வண்டியா இருந்தாலும் சரி, உப்பு வண்டியா இருந்தாலும் சரி. வேல வேணும்னா வாயால கத்தட்டும்."

புரோக்கருக்கு அது பிடிக்கவில்லை. மனை விற்பனைக்கு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அனுப்புகிறவர் அவர்தான். "எங்க ஆட்டோவுக்குமா?" என்றார். "உங்க ஆட்டோவுக்கும்தான்" என்றாள்.

சாவியைக் கொடுத்தாள். நான் அவள் அடுப்பைக் கொஞ்சம் சரிசெய்து தருகிறேன் என்றேன், காசு வேண்டாம் என்றும் சொன்னேன். அந்த மட்டமான பர்னரில் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரி பிடித்திருந்தது. துளைகளைக் குத்தி, கேஸ் வரும் ஜெட்டைத் துடைத்தால் ஓரளவுக்கு நீலமாகும். சரி என்றாள். அடுப்பை வாசலுக்கு எடுத்துவந்து வைத்து, நான் வேலை செய்த நேரம் முழுக்க எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை பையிலிருந்து ஊசி எடுக்கத் திரும்பியபோது, "கை தெரியற மாதிரி எடு" என்றாள். மாட்டி முடித்ததும் உள்ளே போய்க் காந்தத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பார்த்தாள். ஒட்டவேண்டியது ஒட்டியது. அந்த இரண்டு பித்தளை பர்னரும் கடைசிவரை கிடைக்கவில்லை.

என்னோடு வந்தவன் அதற்குள் போய்விட்டிருந்தான். சொல்லிக்கொள்ளவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போதும் மாதம் ஒரு தடவை அந்தத் தெருவுக்குப் போகிறேன். முனையிலேயே பெட்டியை நிறுத்திவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வாயால் கத்துகிறேன். மூன்றாவது குறுக்குத்தெரு வருவதற்குள் தொண்டை கட்டிவிடும், "தரோம்மா" பாதியில் உடைந்துவிடும். பெண்கள் கதவைத் திறந்து முதலில் என் வாயைத்தான் பார்க்கிறார்கள். உதடு அசைகிறதா, அசைவும் குரலும் ஒன்றாக இருக்கிறதா என்று நின்று கவனிக்கிறார்கள். அப்புறம்தான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். காந்தத்தையும் மறக்காமல் எடுத்து வருகிறார்கள்.